மதில் தாண்டிய கொடி

"உங்க செடிக்கு எல்லைன்னா என்னன்னு தெரியாதா?"

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சர்வேயர் போட்ட சத்தத்தில், அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. முப்பத்திரண்டு வருடம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டுவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டு எல்லையை ஒரு கொடி மதிக்கவில்லை என்றால் ரத்தம் கொதிக்காதா?

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா போன வருடம் ஒரே ஒரு தொட்டியில் வாங்கி வந்த செடி அது. வருடம் முழுக்கப் பச்சை மாறாமல் தரையோடு படரும் என்று கடைக்காரன் சொல்லிக் கொடுத்தானாம். இப்போது மார்பளவு மதிலைத் தாண்டி, இவருடைய கத்தரிப் பாத்தியின் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஞாயிறு வெட்டினால் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் வந்து நிற்கும்.

தையல்காரம்மா நொண்டிக்கொண்டே மதிலோரம் வந்தாள். முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளால் குனிய முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழவும் முடியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"செடியை விடுங்க சார். இந்த மதிலே அரை அடி என் பக்கம் தள்ளித்தான் நிக்குது. அளந்தது நீங்கதானே?"

கை சுத்தமில்லை என்று சொல்லியிருந்தால்கூட சர்வேயர் பொறுத்துக்கொண்டிருப்பார். அளவு சுத்தமில்லை என்றால்? அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"என் அளவைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி, உங்க சமையக்கட்டு நிக்குதான்னு போய்ப் பாருங்கம்மா."

சொல்லியிருக்கக் கூடாத பேச்சுதான். அவள் வீட்டுக்குப் பின்னால் நிலம் ஓடையை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து கரைந்து, சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. சரிவு இப்படியே கிடந்தால் அடுத்த பெரிய மழை சமையலறையை ஓடைக்குக் கொண்டுபோய்விடும் என்று இன்ஜினியர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனது தெரு முழுக்கத் தெரியும். தையல்காரம்மா உள்ளே போய்விட்டாள்.

சர்வேயர் கத்திரியை எடுத்தார். குப்பை வண்டியில் போட்டுத் தொலையுங்களேன் என்று மனைவி வாசற்படியிலிருந்து சொன்னாள். அதற்கும் அவள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்தவர் பொருளை இவர் எதற்குக் குப்பையில் போட வேண்டும்? அவர்கள் சொத்து, கடைசி இலை வரைக்கும் அவர்களிடமே போய்ச் சேர வேண்டும். அதுதான் நியாயம்.

திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். அவள் நடக்கிற பாதையில் கொட்டினால் காலில் சிக்கி விழுந்து வைப்பாள், அந்தப் பழி வேண்டாம். அதனால் கொல்லைக்குப் போய், அங்கே மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே எழுப்பியிருந்த மதிலைத் தாண்டி, மனிதர் நடமாட்டம் இல்லாத அந்தச் சரிவில் வீசுவார். நீளமாக வீசினால் மதில் மேல் இருக்கும் கம்பியில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு கொடியையும் ஒரு சாண், ஒரு சாணாக நறுக்குவார். வீட்டில் ஒரு நாள் காய் நறுக்கித் தந்ததில்லை, ஊரான் வீட்டுக் கொடியை மட்டும் என்ன அழகாக நறுக்குகிறார் என்று மனைவி முணுமுணுத்தாள்.

நடுநடுவே நூல் துணுக்குகள் வேறு கத்திரியில் சிக்கின. தைக்கிறவள் வீட்டுக் குப்பையும் நம் தலையிலா என்று அதற்குத் தனியாக ஒரு மூச்சு திட்டினார்.

நான்கு வாளி. கடைசி வாளியை வீசி முடித்ததும் அந்தப் பக்கம் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வாரமும் இதே கதைதான்.

"என் கை பட்டதைக் கழுவி விடுறாளாம். திமிரைப் பாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சண்டையின் பாதியைத் தெருவிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்திருந்தாள் தையல்காரம்மாவின் மகள். கட்டிக் கொடுத்த பிறகு மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பவள். பையை வீசிவிட்டு, அந்த ஆளை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். தாய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசின, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அப்படியே அவளைச் சமையலறை ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். போன வருடம் மொட்டையாகக் கிடந்த சரிவு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரே பச்சையாக இருந்தது. சுவரில் விரிசல் முடிந்த இடத்தில் துணியில் குறி போடும் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டை, மூன்று மழைக்குப் பிறகும் விரிசல் தாண்டவில்லை.

"கணுவுக்குக் கணு வேர் விடுற செடி. சாண் சாணா நறுக்கித் தூவினாலே மண்ணைப் பிடிச்சுக்கும்னு கடைக்காரன் சொன்னான். இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்கே இறங்கித் தூவுறது?"

வாய் விட்டுக் கேட்டிருந்தால் அவரே செய்து கொடுத்திருக்க மாட்டாரா என்றாள் மகள்.

"கேட்டா ஒரு நாள் செய்வார். கோபம் வந்தாத்தான் வாராவாரம் செய்வார். வலது மூலையில மட்டும் இன்னும் கொஞ்சம் மொட்டையா இருக்கு."

சொல்லிக்கொண்டே நூல்கண்டை எடுத்துக்கொண்டு மதிலோரம் போனாள். அடுத்த வீட்டில் சத்தம் அடங்கிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு தன் பக்கத்து மதிலில் இடுப்பளவு உயரத்தில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளில், நீண்ட கொடிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டி, நுனிகளைச் சர்வேயர் வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டாள்.

"என்னம்மா பண்ற?"

"தரையில படர்ற செடிடி இது. தானா எப்படிச் சுவர் ஏறும்?"