அத்தை வர வேண்டாம்

"அத்தை வர வேண்டாம். மேல குளிர் அதிகம். ரூம்லயே இருக்கட்டும்."

லாட்ஜ் வாசலில் எல்லோரும் வேனில் ஏறப் போகும் நேரத்தில்தான் தம்பி மனைவி இதைச் சொன்னாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "என்னம்மா பேசறே? மலையேறி இவ்வளவு தூரம் அம்மாவைக் கூட்டிட்டு வந்தது ரூம்ல உக்கார வைக்கவா?"

"முட்டி வலி இருக்கில்ல அண்ணி. பங்களாவுக்கு நிறையப் படி ஏறணுமாம்."

"நீயா தூக்கிட்டுப் போகப் போறே?"

தம்பி வேன் டயரைக் கவனமாக ஆராய்ந்தான். மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் நிற்க நேர்ந்தால் டயர், வானம், செருப்பு வார் எதுவானாலும் அவனுக்குச் சுவாரஸ்யமாகிவிடும்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இருந்துக்கறேன். நீங்க சந்தோஷமாப் போய்ட்டு வாங்க."

அக்கா கடைசியாக ஏறி, வேன் கதவை அறைந்து சாத்தினாள்.

வேன் வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் சீப்பால் வாரிவிட்ட மாதிரி தேயிலைத் தோட்டம். தம்பி மனைவி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மேகத்தைத் தொடப் பார்த்தாள். அக்கா எதையும் பார்க்கவில்லை. ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களாவில் கைடு உற்சாகமாக இருந்தார். கணப்பு அடுப்பு, எண்ணைச் சுழற்றிப் பேசும் டெலிபோன், சுவரில் காட்டெருமைத் தலை என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, நீளமான ஒரு மேஜை முன்னால் நின்றார்.

"இவ்வளவு பெரிய மேஜையில துரை தனியாத்தான் உக்காந்து சாப்பிடுவாராம். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது."

"எங்க அம்மாவும் இன்னிக்கு அப்படித்தான் சாப்பிடுவாங்க" என்றாள் அக்கா.

கைடு குழம்பிப்போய் அடுத்த அறைக்கு நடந்தார்.

அருவிக்குப் போனதும் அக்காவால் முடியவில்லை. "எனக்குத் தலைவலி. ரூமுக்குப் போறேன்."

தம்பி மனைவி பதறினாள். "இப்பவா? வேண்டாம் அண்ணி. மாத்திரை வச்சிருக்கேன், போட்டுக்கிட்டு இங்கயே இருங்களேன்."

"நீ அருவியைப் பாரு. எங்க அம்மாவை நான் பார்த்துக்கறேன்."

எதிரே வந்த ஜீப்பை நிறுத்தி ஏறிவிட்டாள்.

லாட்ஜில் அறை பூட்டியிருந்தது. வரவேற்பில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பெரியம்மாவா? நீங்க கிளம்பின கையோட அவங்களும் கிளம்பிட்டாங்களே. பக்கத்துல பழைய டீ ஃபேக்டரி இருக்கில்ல, அங்க நடந்து போனாங்க."

"முட்டி வலியோடயா?"

"அப்படி ஒண்ணும் தெரியலையே. பாட்டுப் பாடிக்கிட்டுப் போனாங்க."

அக்கா ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஃபேக்டரி முழுக்க வறுத்த இலை வாசனை. பழைய இயந்திரங்களைத் தாண்டிப் போனால், கடைசி அறையில் ஒரு நீள மேஜை. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். டீ ருசி பார்ப்பவருக்குப் பக்கத்தில், மருமகளின் சிவப்பு ஸ்வெட்டரும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு, அம்மா.

கரண்டியில் டீயை எடுத்து 'சர்'ரென்று உறிஞ்சினாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் ருசி பார்ப்பவர்.

"வாசனை இருக்கு. தொண்டையில நிக்கலை. முந்தினது தேவலை. அதையே இன்னொரு தரம் ஊத்துங்க சார், சூடா."

அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அம்மாவுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வருமென்று அக்காவுக்குத் தெரியாது.

"அம்மா."

திரும்பிய அம்மாவின் முகம், வகுப்பைக் கட் அடித்து மாட்டிக்கொண்ட பெண்ணின் முகம் போல ஆனது. "நீ எதுக்குடி வந்தே?"

"இங்க வரணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே கூட்டிட்டு வந்திருப்போமே."

"அதான் பயம்" என்றாள் அம்மா. "உன் தம்பி 'சுகர் இருக்கு, ஒரு கப் போதும்'பான். நீ படிக்குப் படி கையைப் பிடிப்பே. தண்ணி பாட்டில் எங்கே, சார்ஜர் எங்கேன்னு எல்லாரும் என்னைத்தான் கேப்பீங்க. கல்யாணமான நாள்லேருந்து ஊருக்கே டீ போட்டுட்டேன். எல்லாருக்கும் குடுத்துட்டு நான் உக்காரும்போது என் டீ ஆறிப்போயிருக்கும். இங்க பாரு, ஒருத்தர் எனக்கு ஊத்திக் குடுத்து, எப்படி இருக்குன்னும் கேக்கறார்."

அக்கா மேஜைக்குக் கிட்டே வந்தாள். "அப்போ உன்னை வர வேண்டாம்னு அவ சொன்னது?"

"ஒரு நாளாவது தனியாச் சுத்தணும்னு அவகிட்டதான் சொன்னேன். நானே வரலைன்னா, உடம்புக்கு என்னமோன்னு நீங்க ரெண்டு பேரும் என்னைச் சுத்தி உக்காந்துடுவீங்க. அதனால அவளே இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சா. 'அண்ணி என்னைத் திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும். நீங்க ஜாலியாப் போய்ட்டு வாங்க அத்தை'ன்னா."

அக்கா ஒரு கோப்பை டீயை நின்றபடியே குடித்தாள்.

"குடிச்சாச்சில்ல? கிளம்பு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த கோப்பைக்குத் திரும்பிக்கொண்டாள்.

அருவிக்கரையில் தம்பி கேட்டான். "என்னக்கா திரும்பி வந்துட்டே? அம்மா என்ன பண்றாங்க?"

தம்பி மனைவி தலையைத் தூக்காமல் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். இன்னும் என்னென்ன கேட்க வேண்டியிருக்குமோ என்று காத்திருந்தது அந்தத் தலை.

அக்கா போய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நல்ல தூக்கம்டா. எழுப்ப மனசு வரலை. நாளைக்கு ஏரிக்குப் போகும்போதும் அம்மாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம், சொல்லிட்டேன்."