குணம் என்று எழுதிய பக்கம்

மகனின் மனசை மாற்றிக் கொடுக்க எழுபத்தைந்தாயிரம். பத்து சிட்டிங். ரசீது கிடையாது.

தொண்ணூறாயிரத்தில் ஆரம்பித்த லாட்ஜ் டாக்டரை எழுபத்தைந்துக்கு இறக்கியது தேவேந்திரன்தான். காஞ்சிபுரத்தில் முப்பது வருடமாகப் பட்டு வியாபாரம். காமாட்சிக்குச் சாத்துகிற புடவையானாலும் திருப்பி உள்பக்கம் பார்க்காமல் விலை பேசமாட்டார்.

பணம் மஞ்சள் பையில் மடியில் இருந்தது. மனைவி துர்காதேவி தன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தது. டாக்டரின் நம்பரைத் தேடிப் பிடித்ததும் அவள்தான்.

"பையனுக்காக மட்டும் இல்லீங்க," என்றாள் கொடுக்கும்போது. "நாளைக்கு அவனக் கட்டிக்கப்போற பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சி?"

அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

டாக்டர் மாதம் ஒருநாள், ஏழாம் தேதி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் முகாம் போடுகிறவர். இரண்டாவது மாடியில் ஒரு பெரிய அறை, நடுவில் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் விமல்ராஜ். இருபத்தொன்பது வயது. எனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஆண்கள்மேல்தான் என்று மூன்று மாதம் முன்னால் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டவன். அவள் நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்ததால் வந்திருந்தான்.

கடிகாரம், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைக்கும்படி உதவியாள் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. உடம்பின் மேல் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம்.

டாக்டருக்குப் பேச்சு சரளம். தாத்தா காலத்தில் இது கிரகக் கோளாறு. அப்பா காலத்தில் நரம்புத் தளர்ச்சி. இவர் காலத்தில் ஹார்மோன். நடுவில் இது குற்றமில்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. நோயில்லை என்று பெரிய டாக்டர்கள் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மாற்றுகிறேன் என்று கை வைப்பதுதான் இப்போது தப்பாம்.

"அதான் சார் ரேட்டு ஏறிடுச்சி," என்றார், சிரிக்காமல்.

தேவேந்திரனுக்கு அந்த நியாயம் புரிந்தது. தடை போட்ட சரக்கு விலை ஏறத்தான் செய்யும்.

புது வைத்தியம் என்று நம்பித்தான் வந்திருந்தார். இருந்தாலும் சரக்கைப் பார்க்கவேண்டும் என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வந்தது. மேலே பளபளவென்று ஆங்கில ஸ்டிக்கர். பழக்க தோஷத்தில் பெட்டியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். கறுப்புத் தகரம். மணிக்கட்டில் மாட்டி ஷாக் கொடுக்க இரண்டு பித்தளை வளையம்.

அவர் கை தானாகப் போய்த் தன் கடிகாரப் பட்டையைப் பிடித்துக்கொண்டது.

ஆள் தயங்குகிறார் என்று நினைத்த டாக்டர், பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"எங்கப்பா எழுதினது சார். முப்பத்து மூணு வருசம் ஆவுது. பேர் எழுத மாட்டோம். ஆனா உங்க பிள்ளையார்பாளையம்தான் பாருங்க. வயசு பத்தொம்போது. பத்து தடவ."

அவர் விரல் கடைசிக் கட்டத்தில் போய் நின்றது. குணம். அதற்குக் கீழே வேறு மையில்: திருமணம், ஆண் குழந்தை. பையனின் அப்பாவே லட்டு டப்பாவோடு வந்து சொல்லிவிட்டுப் போனாராம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார் டாக்டர்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெல்ட்டின் கொக்கி மேசையில் விழுந்த சத்தம்.

"பத்து இல்லீங்க, பதினொண்ணு," என்றார் தேவேந்திரன், பில்லில் ஒரு புடவை விட்டுப்போனதைச் சொல்கிற குரலில். "கடைசி நாள் ரெண்டு தடவ வெச்சாரு உங்கப்பா."

டாக்டர் நோட்டை மூடப் போனார். தேவேந்திரன் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தார்.

"நீங்க சொல்ற சாட்சி, அந்த ஆம்பளக் கொழந்த, பக்கத்துல பெல்ட்டக் கழட்டிக்கினு நிக்கிறான். உங்கப்பா எழுதினது மட்டும் சரி. இது குணம்தான். நோயா இருந்திருந்தா போயிருக்கும்."

மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

உதவியாளிடமிருந்து கடிகாரத்தை வாங்கி, அவரே மகனின் மணிக்கட்டில் கட்டினார். விமல்ராஜ் தன் கையைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நழுவிய பட்டைக்குக் கீழே, வளையம் சுட்ட பழைய தழும்பு.

தடுப்பு வெறும் பிளைவுட். எல்லாம் கேட்டிருக்கும்.

இரண்டு மாடி இறங்கியதும் அவன் கடைசிப் படியில் நின்றான்.

"அம்மாவுக்குத் தெரியுமாபா?"

சட்டைப் பையில் போன் அடித்தது. துர்கா. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

சங்கிலிப் பணம் ஒரு ரூபாய் குறையாமல் பையில் இருந்தது. அதை இன்றைக்கே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பாக்கி, அவளோடு வாழ்ந்த முப்பத்தோரு வருடம்.