பூனைக்குக் கட்டிய வலை

எதிர்வீட்டுப் பூனை முதல் மாடியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட மறுநாளே, அந்த வீட்டுத் தனசேகரன் பால்கனிக்கும் ஜன்னல்களுக்கும் நைலான் வலை அடித்துவிட்டார். கதவைத் திறந்தால் ஓடிவிடுமாம். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டும் போட்டார். பூனைமேல் அவ்வளவு பாசம். உள்ளே மனைவி சுகிர்தாவும் இருப்பது நினைவிருந்ததோ என்னவோ. எனக்கெதற்கு ஊர்வம்பு? ஆறு மாதமாக என் வாசலிலிருந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று காலை பூனை என் வாசற்படியில் உட்கார்ந்து சாவகாசமாக முகம் துடைத்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வலையின் மூலையில் ஓர் ஓட்டை. அதன் வழியே சுகிர்தாவின் கை முழங்கைவரை வெளியே நீண்டு, வெயிலில் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“பூனை வெளிய வந்ததையா?”

“இல்லக்கா. ஓட்டையப் பத்தி.”