தினம் ஒரு தீப்பெட்டி

"ஏண்டா இசக்கி, இன்னிக்குமா?"

இசக்கியின் இடுப்பிலிருந்து உருவிய தீப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அனந்தநாராயணன் பல்லைக் கடித்தார்.

பம்பாய்த் தாராவியில் வார்னிஷ் காய்ச்சும் அந்தக் கார்கானாவுக்கு அவர்தான் டைம் கீப்பர். உள்ளே போகிற அத்தனை பேரையும் தடவிப் பார்த்து, பீடி, தீப்பெட்டி இல்லாமல் அனுப்புவதும் அவர் தலையில் விழுந்த வேலை. மாட்டுங்காவிலிருந்து கோட்டும் தொப்பியுமாக வந்து, கண்டவன் இடுப்பைத் தடவுகிற உத்தியோகம். அதிலும் இந்த இசக்கி இருக்கிறானே!

மற்றவர்கள் சங்கு ஊதுவதற்கு முன்பே உள்ளே போய்விடுவார்கள். இவன் மட்டும் எதிர்ச் சாரியில் டீயை உறிஞ்சிக்கொண்டு நிற்பான். முதலாளி திருவேங்கடத்தின் கார் திரும்புவது தெரிந்த பிறகுதான் ஓடி வருவான். முதலாளி காரை விட்டு இறங்குவதும், இவனிடம் தீப்பெட்டி அகப்படுவதும் ஒன்றாக நடக்கும். மானம் போவது அனந்தநாராயணனுக்கு.

போதாததற்குக் கேள்வி வேறு.

"எதுக்கு சாமி தீப்பெட்டி கொண்டாரப்படாது?"

"எத்தனை தடவைடா சொல்றது? உள்ளே பூரா டர்ப்பன்டைன்!"

"காது மந்தம் சாமி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"ஒரு பொறி விழுந்தாப் போறும்! ஷெட்டோட அத்தனை பேரும் பஸ்பம்! நெருப்போட உள்ளே போறவன் கொலைகாரன்டா, கொலைகாரன்!"

அவர் தொண்டை கிழியக் கத்தும்போது, முதலாளி புகை விட்டுக்கொண்டே பக்கத்தில் கடந்து போவார். "விடாதீர் அய்யரே, நல்லாத் திட்டும்" என்று சிபாரிசு வேறு.

பிடிபட்ட தீப்பெட்டியை அப்படியே வாசலில் இருக்கும் சிவப்பு வாளித் தண்ணீரில் போட வேண்டும் என்பது உத்தரவு. போடும்போதெல்லாம் அனந்தநாராயணனுக்கு வயிறு எரியும். யுத்தம் வந்ததிலிருந்து தீப்பெட்டிக்கு அப்படியொரு பஞ்சம். அவர் மனைவி ஷ்யாமளா பக்கத்து வீட்டில் தணல் வாங்கி அடுப்பு மூட்டுகிறாள். இந்தத் தடியனுக்கு மட்டும் தினம் ஒன்று எங்கிருந்து கிடைக்கிறதோ!

இன்றைக்கு முதலாளிக்கே பொறுக்கவில்லை. பற்ற வைக்காத சிகரெட்டை உதட்டில் செருகியபடி நேரே வந்தார்.

"தினம் இதே கூத்தா? கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. அய்யரே, இவன் கணக்கை முடிச்சு அனுப்பும். இன்னியோட வேலையிலேருந்து சுட்டி."

இசக்கியின் முகம் செத்துவிட்டது.

"மொதலாளி, எம் பொஞ்சாதி முப்பிடாதியும் உள்ளதான் டப்பா களுவுதா. எங்களுக்கு இதை விட்டா வேற கஞ்சி இல்ல..."

"அவளையும் கூட்டிக்கிட்டுப் போ."

"நன்னா வேணும்" என்றார் அனந்தநாராயணன். "தலைபாடா அடிச்சுண்டேனே, கேட்டியாடா?"

முதலாளி கோட்டுப் பைகளைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. வாளிப் பக்கம் போன அனந்தநாராயணனின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதை இப்படிக் கொடும்."

வாங்கினார். திறந்தார். கவிழ்த்துத் தட்டினார்.

"என்னய்யா, ஒரு குச்சிகூட இல்லை?"

"இருக்காது மொதலாளி" என்றான் இசக்கி. வேலைதான் போயாச்சே, இனி என்ன என்கிற குரல். "எல்லாம் குப்பையில பொறக்குன காலிப் பெட்டி. நான் பீடி குடிக்கதே இல்ல."

அனந்தநாராயணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "பின்னே எதுக்குடா தினம் என் பிராணனை வாங்கினே?"

"போன மாசம் மொதலாளி உள்ள போட்ட சிகரெட்டுத் துண்டு, வார்னிசு தொடச்ச துணியில பத்திக்கிட்டுது. முப்பிடாதிதான் ஈரச்சாக்கைப் போட்டு அமுக்குனா. கையி வெந்துபோச்சு. எங்ககூட வேலை பாத்த சுயம்பு அண்ணாச்சி, சிகரெட்டோட உள்ள வராதீயன்னு மொதலாளிகிட்ட நேராவே சொன்னாவ. அன்னைக்கே அண்ணாச்சிக்கு வேலை போச்சு. அதான் சாமி... மகளை ஏசி மருமவளுக்கு உறைக்க வைப்பாவள்லா, அந்த மாதிரி. நீங்க என்னை ஏசுத ஏச்சு மொதலாளி காதுல விழட்டும்னுதான்."

சுயம்புவின் கணக்கை முடித்து அனுப்பியது அனந்தநாராயணன்தான். காரணம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஊரார் இடுப்பையெல்லாம் தடவியவர், கண்ணுக்கு நேரே போன சிகரெட்டை மட்டும் பார்க்காத மாதிரியே நின்றிருக்கிறார். அவருக்கு உடம்பு கூசியது.

திருவேங்கடம் சிரித்தார். "பாகல்! பைத்தியக்காரன், பாடம் நடத்த வந்துட்டான்." டிரைவரைக் கூப்பிட்டுத் தீக்குச்சி வாங்கி, சிகரெட்டைப் பற்ற வைத்தார். ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தார்.

அனந்தநாராயணன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். சிவப்பு வாளியை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் நீட்டினார். தண்ணீர் தளும்பியது. குரல் வழக்கம்போல் தெரு முழுக்கக் கேட்டது.

"நெருப்போட உள்ளே போறவன் யாருன்னு தினம் கேட்டுண்டுதானே போறேள்? போடுங்கோ இதிலே!"