மாவு மணி

ஊரார் சுட்ட செங்கல்லும் உதவிக்குழு தந்த தகரமுமாக எழுந்து நிற்கிறது மெஹெபா குடியிருப்பின் புதுப் பள்ளிக்கூடம். வெயில் கூரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. மாமரத்தில் தொங்கும் லாரிச் சக்கர வளையத்தை யாரோ கம்பியால் அடிக்கிறார்கள். மரவள்ளி இடித்துக்கொண்டிருந்த சிலோம்போ உலக்கையைப் போட்டுவிட்டு, காலிச் சாக்கு ஒன்றை எடுத்து உதறியபடி ஓடிவருகிறாள். இந்த இடம் அகதி முகாமாக இருந்தபோது அந்த வளையம் ஒலித்தால் சோளமாவு வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். முகாம் போய்ச் சொந்த நிலம் வந்துவிட்டது. கால்களுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை. மரத்தடியில் வண்டி இல்லை. நீலச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். கம்பியும் கையுமாக நிற்பவள் அவள் மகள் ஜசிந்தா, இன்றுதான் வேலையில் சேர்ந்திருக்கும் டீச்சர். பக்கத்து வீட்டு அடெலினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்னடி, மாவு வாங்கவா ஓடிவந்தே?” “நீ மட்டும் எதுக்குடி வாளிய முதுகுக்குப் பின்னால ஒளிக்கிறே?” என்கிறாள் சிலோம்போ. சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மரத்தடியை நோக்கி முகவாயை உயர்த்துகிறாள். “நான் என் பங்க வாங்கத்தான் வந்தேன். அதோ நிக்குது பாரு!” அது ஜசிந்தாவின் காதிலும் விழுந்துவிடுகிறது. பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போய்விட்ட பிறகும் அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டே கம்பியை ஓங்கி வளையத்தில் இன்னொரு அடி அடிக்கிறாள்.