முதல் பக்கம்

“பட்டனை நீங்கதான் சார் அழுத்தணும். முதல் பக்கத்துல வர்றதே உங்க அறிக்கைதான். அரசாங்கமே அதை அப்படியே ஏத்துக்கிட்டாங்களே!” என்றார் கொள்கை ஆய்வு மையத்தின் இயக்குநர்.

புதிய இணையதளத்தின் தொடக்க விழா. மேடையேறப் போன ஆய்வாளரின் செல்போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. ஊரிலிருந்து தங்கை. ஓரமாக ஒதுங்கி எடுத்தார்.

“அண்ணா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. அலறியடிச்சுக்கிட்டு நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தா, கேட்ல பூட்டு தொங்குது. எங்களைத் தவிர இங்க ஒரு ஈ காக்கா இல்ல. போன வாரமே மூடிட்டாங்களாம்!”

“பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா...”

“அங்க போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். அம்மாவுக்குக் கண்ணு செருகுதுண்ணா! எந்தப் பாவி இதை மூடச் சொன்னான்?”

அவர் செல்போனைக் காதிலிருந்து இறக்கினார்.

“சார், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க” என்று இயக்குநர் அவரை மேடைக்கு இழுத்துச் சென்று, அவர் கையைப் பட்டனில் வைத்தார்.

கைதட்டல் அரங்கை நிறைத்தது. திரையில் ஆய்வாளரின் சிரித்த முகம் விரிந்தது. அதன் கீழே, கொட்டை எழுத்தில் அவரது அறிக்கையின் தலைப்பு:

‘நாளுக்கு ஒரே ஒரு நோயாளி வரும் ஊருக்கு மருத்துவமனை எதற்கு?’