காகிதம் சுற்றிய வளையம்

பொன்னாடை போர்த்த வருகிறவர்களின் கையை முதலில் பார்க்க வேண்டும் என்பது தனுஷ்கோடி மாஸ்டரின் அபிப்பிராயம். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவர்தான் பயிற்சியாளராக இருந்து அந்தப் பெண்கள் கல்லூரிக்கு வருஷம் தவறாமல் கூடைப்பந்துக் கோப்பைகளை வாரிக் கொடுத்தவர். அவருடைய பணிநிறைவு விழா மேடையில் கல்லூரி முதல்வர் அம்மாள் நீட்டிய பரிசு வட்டமாக, கனமாக இருந்தது. பளபளப்பான காகிதத்தைக் கிழித்தார். உள்ளே, மைதானத்துக் கூடையின் இரும்பு வளையம். வலைகூட அப்படியே தொங்கியது.

“இதை ஏம்மா கழட்டுனிய?”

“அங்க கார் நிறுத்த இடம் வருது மாஸ்டர். உங்க ஞாபகமா வீட்ல மாட்டிக்கோங்க.”

“அப்ப இந்தப் புள்ளைங்க எங்க போய் ஆடும்?”

“மேடையில வேண்டாமே. ரூம்ல பேசிக்கலாம்.”

“ரூம்ல பேசுனா நீங்க நெனைச்சதுதான் நடக்கும். எனக்குத் தெரியாதாக்கும்?”

கைதட்டல் நின்றுபோனது. படம் எடுப்பதற்காகப் பந்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அணித்தலைவி இசக்கியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகைதான் மாஸ்டருக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. பொன்னாடையை உருவி நாற்காலியில் எறிந்தார். வளையத்தை இரண்டு கைகளாலும் உயர்த்தி, சிறப்பு விருந்தினரின் வழுக்கைத் தலைக்கு நேர் மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னளா ஒப்பாரி வைக்க? எந்திரிச்சுப் போடு!”

“மாஸ்டர், கையை இறக்குங்க” என்றார் முதல்வர்.

“எல்லாரும் போட்டு முடிச்ச பெறவு இறக்குதேன்.”

இசக்கியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பந்தைத் தரையில் ஒருமுறை தட்டினாள். அவளுக்குப் பின்னால் அணி முழுவதும் வரிசை கட்டியது.